மக்காச்சோளத்தில் மண்ணுக்குள் இருந்து தாக்கும் பூச்சிகள்: விதைப்புக்கு முன்பிருந்து அறுவடை வரை

மக்காச்சோளம் முளைத்துப் பத்துப் பன்னிரண்டு நாள் ஆகியிருக்கும். நேற்று மாலை வரிசை பிடித்து நின்ற பயிர், இன்று காலை அங்கங்கே பல் விழுந்த மாதிரி இருக்கிறது. ஒரு செடி தரையோடு வெட்டுப்பட்டுச் சாய்ந்து கிடக்கிறது. இன்னொன்று நிற்கிறது, ஆனால் நடுக்குருத்து வாடித் தொங்குகிறது. ஓரிடத்தில் மூன்றடி தூரத்துக்கு முளைப்பே இல்லை. உடனே எதையாவது தெளிக்கத்தான் மனம் போகும். தயவுசெய்து அன்றைக்குத் தெளிப்பானைத் தொடாதீர்கள். முதலில் ஒரு மண்வெட்டியை எடுத்துக்கொண்டு வயலுக்குள் இறங்குங்கள்.

இலையைத் தின்னும் புழு கண்ணில் படும், எண்ணிப் பார்க்கலாம், மருந்தும் அதன் மேல் படும். மண்ணுக்குள் இருப்பது அப்படியில்லை. வாடல் நமக்குத் தெரிய வரும்போது வேர் பாதி போயிருக்கும். மேலே தெளிப்பதும் அதுவரை இறங்காது. அதனால் இந்தப் பூச்சிகளைப் பொறுத்தவரை முக்கால்வாசி வேலை விதைப்புக்கு முன்பே முடிந்திருக்க வேண்டும். இதை எத்தனை முறை சொன்னாலும் எனக்குப் போதாது.

முதலில், எந்தப் பூச்சி என்று தெரிந்துகொள்ளுங்கள்

"வேரில் ஏதோ புழு" என்று சொன்னால் போதாது. ஒன்றுக்குப் பலிக்கும் வழி இன்னொன்றுக்குப் பலிக்காது.

வெட்டுப்புழு ஓர் அந்துப்பூச்சியின் புழு. சாம்பல் கலந்த கருப்பு நிறத்தில், எண்ணெய் தடவியது போல வழவழப்பாக இருக்கும். தொட்டால் வளையமாகச் சுருண்டுகொள்ளும். பகலில் மண்ணுக்குள் படுத்திருந்து இரவில் வெளியே வரும். சின்னப் புழுவாக இருக்கும்போது இலையில் ஓட்டை மட்டும் போடும். மூன்று முறை தோலுரித்து நான்காம் பருவத்துக்கு வந்த பிறகுதான் தண்டை அறுக்கும் பலம் வருகிறது. ஒரே புழு தன் காலத்தில் நான்கைந்து செடிகளைச் சாய்த்துவிடும்.

வெண்புழு வண்டினத்தைச் சேர்ந்தது. தடித்த வெள்ளை உடல், பழுப்புத் தலை, மூன்று ஜோடிக் கால். அரைவட்டமாக வளைந்து கிடக்கும். தோல் அவ்வளவு மெல்லியது. வால் பக்கம் அது தின்ற மண் கருப்பாகத் தெரியும். சில இனங்கள் ஒரே வருடத்தில் வண்டாகிவிடும். சில மூன்று வருடம் மண்ணிலேயே கிடக்கும்.

கம்பிப்புழு பெயருக்கேற்ற மாதிரி மஞ்சள் பழுப்பில் ஒல்லியாக, விறைப்பாக இருக்கும். விரலுக்கிடையில் வைத்து அழுத்தினாலும் எளிதில் நசுங்காது. இதன் தாய் வண்டைக் கவிழ்த்துப் போட்டால் 'டக்' என்ற சத்தத்தோடு துள்ளி நிமிரும். புழு மண்ணில் இரண்டு முதல் ஆறு வருடம் வரை இருக்கும் என்பதால், இந்த வருடம் வயலில் தெரிவது பெரும்பாலும் பழைய கணக்கு.

மக்காச்சோள வேர்வண்டின் புழு இவற்றில் தனி வகை. அரை அங்குலத்துக்கு மேல் வளராத மெல்லிய வெள்ளைப் புழு. தலையும் பழுப்பு, வால் நுனித் தகடும் பழுப்பு என்பதால் இரண்டு பக்கமும் தலை இருப்பது போலத் தோன்றும். அமெரிக்கக் கண்டத்தில் தோன்றிய இது 1992-இல் பெல்கிரேடு விமான நிலையத்தின் அருகில் தென்பட்டு, அங்கிருந்து ஐரோப்பாவின் பெரும்பகுதிக்குப் பரவியது. இந்த வண்டு இல்லாத நாடுகளில் இதைப் பற்றிய பகுதிகளைத் தாண்டிப் போய்விடலாம்.

இன்னும் இரண்டு உண்டு. விதை ஈயின் புழு காலில்லாத சின்ன வெள்ளைப் புழு. குளிர்ந்த ஈர மண்ணில் விதையைக் குடைந்து வெறும் தோலாக்கிவிடும். கறையானை எல்லோருக்கும் தெரியும். வறண்ட மண்ணிலும் பயிர் முதிர்ந்து காயும் சமயத்திலும் அதன் கை ஓங்கும்.

வயலின் பழைய கதையைப் பாருங்கள்

விதைப்பைத் திட்டமிடும்போதே, சென்ற ஓரிரு வருடங்களில் அந்த நிலத்தில் என்ன இருந்தது என்று எழுதி வையுங்கள். புல்தரையாகவோ மேய்ச்சலாகவோ கிடந்த நிலம் என்றால் கம்பிப்புழுவும் வெண்புழுவும் இருக்கும் என்றே வைத்துக்கொள்ளுங்கள். மக்காச்சோளத்துக்குப் பின் மக்காச்சோளம் என்றால் வேர்வண்டு. விதைப்புக்கு முன் களை மண்டிக் கிடந்த இடம் வெட்டுப்புழுவுக்குத் தொட்டில், ஏனென்றால் அதன் அந்துப்பூச்சி பயிர் வரும் வரை காத்திருக்காது, அந்தக் களைகளில்தான் முட்டையிடும். பசுந்தாளையோ சரியாக மட்காத எருவையோ இப்போதுதான் மடக்கி உழுதிருக்கிறீர்கள் என்றால் விதை ஈ வரும்.

எருவைப் பற்றி ஒரு வார்த்தை. மேலே காய்ந்து, உள்ளே சூடு அடங்காத குவியலை அவசரத்துக்கு அள்ளிக் கொட்டிய ஒரு வருடம் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. எரு கொட்டிய வட்டங்களில் மட்டும் பயிர் மஞ்சளாகி நின்றது. தோண்டினால் ஒவ்வொரு வட்டத்திலும் வெண்புழு. வண்டு குப்பைக்குழியிலேயே முட்டை வைத்திருக்கிறது, நானே அதைச் சுமந்து வயலில் சேர்த்திருக்கிறேன். அன்றிலிருந்து குழியிலிருந்து எடுக்கும் எருவைப் பரப்பி, கிளறிப் பார்த்து, புழுவைப் பொறுக்கிய பிறகுதான் ஏற்றுகிறேன். நன்றாக மட்கிய எருவுக்கு மண்வாசனைதான் இருக்கும். நாற்றமோ சூடோ இருந்தால் அது இன்னும் தயாராகவில்லை. மட்காத எருவும் தட்டையும் கறையானையும் கூப்பிடும்.

விதைப்புக்கு இரண்டு மூன்று வாரம் முன்பே தோண்டிப் பாருங்கள்

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு வேலையைத்தான் செய்ய நேரம் இருக்கிறது என்றால் இதைச் செய்யுங்கள்.

ஓரடி நீளம், ஓரடி அகலம், அரையடிக்குச் சற்று அதிக ஆழம். இப்படி ஒரு குழி. மண்ணை ஒரு சாக்கின் மேலோ வெளிர் நிறத் தார்ப்பாயின் மேலோ கொட்டி, கட்டிகளைக் கையால் உடைத்துத் தேடுங்கள். வயலின் குறுக்கே நடந்து, மேடு, பள்ளம், மர ஓரம், புல் இருந்த மூலை என்று குறைந்தது எட்டுப் பத்து இடத்தில் தோண்டுங்கள். வெண்புழு வயல் முழுக்கச் சமமாக இருக்காது, திட்டுத் திட்டாகத்தான் இருக்கும். மர ஓரங்களை விடவே கூடாது. அந்தியில் மண்ணைவிட்டுக் கிளம்பும் வண்டுகள் மரத்து இலையைத் தின்றுவிட்டுப் பக்கத்திலேயே இறங்கி முட்டையிடும். குழிக்குச் சராசரி ஒரு வெண்புழு, அதற்கு மேல் என்றால் அது அலட்சியம் செய்யக்கூடிய எண்ணிக்கை இல்லை. மண் ரொம்பக் காய்ந்திருந்தாலோ குளிர்ந்திருந்தாலோ புழு ஆழத்துக்கு இறங்கிவிடும். அப்போது தோண்டி 'ஒன்றுமில்லை' என்று முடிவு கட்டாதீர்கள். ஈரமும் இதமான சூடும் இருக்கும் நாளில் மறுபடி பாருங்கள்.

கம்பிப்புழுவைத் தோண்டிப் பிடிப்பது கடினம். அதற்கு இரை வைக்க வேண்டும். மருந்து கலக்காத மக்காச்சோளமும் கோதுமையும் சம அளவு எடுத்து ஒரு நாள் ஊற வையுங்கள். 10 முதல் 15 சென்டிமீட்டர் ஆழத்தில் குழி எடுத்து, ஒரு கைப்பிடி அளவுக்குச் சற்று அதிகமாகப் போட்டு, மண்ணை மேடாகக் குவித்து மூடுங்கள். குளிர்ந்த காலமாக இருந்தால் அதன் மேல் கருப்புப் பிளாஸ்டிக் தாள் விரித்து ஓரத்துக்கு மண் போட்டால் உள்ளே சூடு ஏறி விதை சீக்கிரம் முளைவிடும். முளைக்கும் தானியம் விடுகிற கரியமில வாயுவின் தடம் பிடித்துத்தான் கம்பிப்புழு வருகிறது. ஒரு குச்சி நட்டு அடையாளம் வையுங்கள். பத்துப் பதினைந்து நாள் கழித்துத் திறந்து எண்ணுங்கள். சராசரியாக ஓர் இரைக்கு ஒரு புழு கிடைத்தாலே விதைக்குப் பாதுகாப்புத் தேவை.

நிலத்தைத் தயார் செய்வது

அறுவடை முடிந்து நிலம் சும்மா கிடக்கும்போது ஆழ உழுங்கள். புழுவும் கூட்டுப்புழுவும் மேலே புரண்டு வந்து வெயிலில் காயும். கலப்பைக்குப் பின்னாலேயே வரும் கொக்கும் காகமும் மிச்சத்தைப் பார்த்துக்கொள்ளும், அதனால் பறவைகள் இறங்கும் காலை நேரத்தில் உழுவது நல்லது. உழவில்லா முறையில் சாகுபடி செய்பவர்களை இதற்காக மறுபடி உழச் சொல்ல மாட்டேன். மண்ணுக்கு அவர்கள் சேர்த்துவைத்த நன்மை பெரியது. அவர்கள் களையையும் கண்காணிப்பையும் இரட்டிப்பாகப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான்.

களையை விதைப்புக்கு இரண்டு மூன்று வாரம் முன்பே அழித்துவிடுங்கள். விதைக்கிற அன்றோ முளைத்த பிறகோ அழித்தால் நடப்பது என்ன? களையில் வளர்ந்துகொண்டிருந்த வெட்டுப்புழுவுக்குத் தீனி போய்விடும், பக்கத்தில் இருப்பது உங்கள் இளம்பயிர் மட்டும். பசுந்தாளை மடக்கி உழுதாலும் அதே இரண்டு மூன்று வாரம் விட வேண்டும்; அது மட்கி அடங்கினால்தான் விதை ஈ அந்த வயலை விட்டு விலகும்.

பயிர் சுழற்சி

வேர்வண்டின் புழுவுக்கு மக்காச்சோள வேரும் சில புல்லினங்களின் வேரும்தான் உணவு. வண்டு மக்காச்சோள வயலில் முட்டையிடும், அடுத்த பருவத்தில் புழு வெளியே வரும்போது அங்கே சோயாவோ வேறு பயறோ இருந்தால் பட்டினியில் சாகும். மருந்து எதுவும் இவ்வளவு சுத்தமாக வேலை செய்வதில்லை.

ஆனால் இதே உத்தியை வருடக்கணக்கில் திருப்பித் திருப்பிச் செய்த இடத்தில் பூச்சியும் மாறிக்கொண்டது. அமெரிக்காவின் இல்லினாய்ஸ், இந்தியானா பகுதிகளில் மக்காச்சோளம், சோயா, மறுபடி மக்காச்சோளம் என்று ஓடிய வயல்களில், 1990களில் மேற்கத்திய வேர்வண்டு சோயா வயலில் போய் முட்டையிட ஆரம்பித்தது. வடக்கத்திய வேர்வண்டு என்ற இன்னோர் இனமோ வேறு வழி கண்டது: அதன் முட்டைகளில் ஒரு பங்கு, ஒரு குளிர்காலத்துக்குப் பதில் இரண்டு குளிர்காலம் தூங்கிவிட்டுப் பொரிக்கிறது. மருந்துகளின் கதையும் இதேதான். ஆல்டிரின், ஹெப்டாகுளோர் மருந்துகள் நெப்ராஸ்காவில் 1960களின் தொடக்கத்திலேயே பலனிழந்தன. வேர்வண்டுக்கு எதிரான பி.டி. மக்காச்சோளம் (பாக்டீரியாவின் மரபணு சேர்த்து, பூச்சிக்கான நஞ்சைச் செடியே உண்டாக்கும் வகை) 2003-இல் வந்தது. 2009-க்குள் அயோவாவின் சில வயல்களில் வண்டு அதையும் தாங்கிக்கொண்டது. அந்த வயல்களில் பெரும்பாலும் அதே வகையைத் தொடர்ந்து விதைத்திருந்தார்கள். எனவே சுழற்சியையும் மாற்றி மாற்றிச் செய்யுங்கள்: முடிந்தால் மூன்று பயிர், ஒரே மாதிரி போகாத வரிசை.

கம்பிப்புழுவுக்கும் வெண்புழுவுக்கும் சுழற்சி அவ்வளவு கை கொடுக்காது. பல வருடம் மண்ணில் இருப்பவை, பல வேர்களைத் தின்பவை. புல்லினப் பயிர்களையே தொடர்ந்து போடாமல் இருந்தால் எண்ணிக்கை மெல்லக் குறையும்.

விதையும் விதைப்பும்

சீக்கிரம் முளைக்கும் விதைதான் முதல் பாதுகாப்பு. மண் 10 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இருக்கையில் விதைத்தால் விதை பல நாள் அப்படியே கிடக்கும். அத்தனை நாளும் கம்பிப்புழுவுக்கும் விதை ஈக்கும் விருந்து. மண் சூடேறட்டும், ஈரம் சரியாக இருக்கட்டும், ஐந்து சென்டிமீட்டர் அளவில் ஒரே சீரான ஆழத்தில் விதையுங்கள். தாக்குதல் வரும் என்று தெரிந்த வயலில் விதையளவைக் கொஞ்சம் கூட்டிக்கொள்வது தவறில்லை.

அடுத்தது விதைநேர்த்தி, அதாவது விதையின் மேல் மருந்தைப் பூசுவது. தோண்டிப் பார்த்ததில் புழு இருந்தால் விதைநேர்த்தி செய்த விதையே பெரும்பாலும் போதுமான பாதுகாப்பாக இருக்கும். மிக அதிகமாக இருந்தால் விதைச் சாலில் இடும் குருணை மருந்தையும் யோசிக்கலாம். எந்த மருந்து, எவ்வளவு என்பது உங்கள் நாட்டில் மக்காச்சோளத்துக்கு அனுமதி பெற்றதைப் பொறுத்தது. இமிடாகுளோபிரிட், குளோதயானிடின், தயாமீத்தாக்சம் மூன்றையும் திறந்த வயலில் பயன்படுத்த ஐரோப்பிய ஒன்றியம் 2018-இல் தடை விதித்தது. வேறு பல நாடுகளில் அவை புழக்கத்தில் இருக்கின்றன. அதனால் டப்பாவின் மேல் ஒட்டியிருக்கும் தாளைப் படிக்காமல் எதையும் கலக்காதீர்கள்.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். 2008-ஆம் ஆண்டு வசந்த காலத்தில் ஜெர்மனியின் பாடன்-வுர்ட்டம்பர்க் பகுதியில், குளோதயானிடின் நேர்த்தி செய்த மக்காச்சோள விதையிலிருந்து மருந்து சரியாக ஒட்டாமல் உதிர்ந்தது. காற்றழுத்த விதைப்புக் கருவிகள் அந்தத் தூசியை வெளியே ஊத, 11,000-க்கும் மேற்பட்ட தேனீக் கூட்டங்கள் பாதிக்கப்பட்டன. வேர்வண்டுக்காகச் செய்த காரியம் அது. விதைப்பெட்டியின் அடியில் கையளவு தூசி சேர்வதைப் பார்த்தால் அந்த விதையைப் போடாதீர்கள். காற்று அடிக்கும் நாளில், பக்கத்தில் பூ இருக்கும் நேரத்தில் விதைக்காதீர்கள். கையுறையும் முகக்கவசமும் போடுங்கள். சிந்திய விதையை மண்ணால் மூடுங்கள், பறவை பொறுக்கும். மீந்த விதை உணவுக்கோ தீவனத்துக்கோ போகவே கூடாது.

உயிரி முறைகள்

மெட்டாரைசியம் என்ற பூஞ்சையையும் பியூவேரியாவையும் நன்கு மட்கிய எருவில் கலந்து, ஈரம் காக்க மூடி வைத்து, பிறகு விதைச் சாலில் இடலாம். மெட்டாரைசியம் பிடித்து இறந்த வெண்புழுவைத் தோண்டி எடுத்தால் அதன் மேல் பச்சைப் பொடி பூத்திருக்கும். பியூவேரியா என்றால் வெள்ளை. அதைப் பார்த்தால் மண்ணில் பூஞ்சை வேரூன்றிவிட்டது என்று நம்பலாம். இது மெதுவான வேலை, வாரக்கணக்கு ஆகும். பூஞ்சைக்கொல்லியோடு சேர்த்து இடாதீர்கள்.

பூச்சியைத் தாக்கும் நூற்புழுக்களும் உண்டு. ஹெட்டிரோராப்டைட்டிஸ் வகையை ஐரோப்பாவில் வேர்வண்டுக்கு எதிராக விதைக்கும்போதே சாலில் இடுகிறார்கள். வெயில் பட்டால் செத்துவிடும், காய்ந்த மண்ணில் நகராது. மாலையில், ஈர மண்ணில் இடுவது கட்டாயம். இரண்டு முறையிலும் சின்னப் புழு சீக்கிரம் மடியும், முற்றிய புழு தாங்கும். வெண்புழுவுக்கு என்றால், வண்டு முட்டையிட்ட சில வாரங்களுக்குள் இட்டால்தான் பலன்.

வெண்புழுவின் வண்டுகள் நல்ல மழைக்குப் பிறகு அந்தியில் மண்ணைவிட்டுக் கூட்டமாகக் கிளம்பும். அந்தச் சில நாட்கள் மட்டும் விளக்குப்பொறி வைத்தாலும், மரக்கிளையை உலுக்கி விழுவதைப் பொறுக்கி அழித்தாலும் பலன் உண்டு. தனி ஒருவர் செய்வதைவிடப் பக்கத்து வயல்காரர்களும் சேர்ந்து செய்தால்தான் எண்ணிக்கை இறங்கும்.

முளைத்த பிறகு: இடைவெளியில் தோண்டுங்கள்

முளைத்ததிலிருந்து ஐந்தாறு இலை முழுதாக விரியும் வரை வாரம் இரண்டு முறை நடந்து பாருங்கள். ஐந்து இடத்தில் இருபது இருபது செடி எண்ணினால் நூறு ஆகிவிடும், சதவீதம் தானாகத் தெரியும்.

வெட்டுப்பட்ட செடியைக் கண்டால் அதைச் சுற்றி ஒரு சாண் தூரத்துக்கு மேல்மண்ணை விரலால் மெல்லக் கிளறுங்கள். இரண்டு மூன்று சென்டிமீட்டர் ஆழத்தில் புழு சுருண்டு கிடக்கும். சில சமயம் வெட்டிய இலையின் நுனியை மண்ணுக்குள் இழுத்து வைத்திருக்கும், அந்தப் பச்சை நுனியே வழி காட்டிவிடும். காலையில் சீக்கிரம் போனால் எளிதாகச் சிக்கும். நூற்றுக்கு மூன்று முதல் ஐந்து செடிக்கு மேல் வெட்டுப்பட்டு, புழு இன்னும் சிறியதாக இருந்தால் அனுமதி பெற்ற மருந்தை மாலையில், தண்டின் அடியை நோக்கித் தெளிக்கலாம். வெட்டுப்புழு ஒன்றுக்கு மட்டும்தான் இந்த நேரத்துத் தெளிப்பு பலிக்கும், ஏனென்றால் அது மேலே வருகிறது. பெரும்பாலான புழுக்கள் ஒன்றரை அங்குலத்தைத் தாண்டியிருந்தால் கூட்டுப்புழுவாகப் போகிற நேரம், தெளிப்பு வீண்.

முளைக்காத இடத்தில் விதையைத் தோண்டுங்கள். ஒரே ஒரு துளை இருந்தால் கம்பிப்புழு. உள்ளே குடைந்து கூடாக இருந்தால் விதை ஈ. விதையே இல்லை என்றால் பறவையோ எலியோ எடுத்திருக்கலாம். நடுக்குருத்து வாடி நிற்கும் செடியை வேரோடு எடுத்து, மண்ணுக்குள் இருக்கும் தண்டை நகத்தால் பிளந்து பாருங்கள். கம்பிப்புழு அங்கே ஓட்டை போட்டிருக்கும். இலை ஊதாவாக மாறி, செடி குள்ளமாக நின்றால் மணிச்சத்துப் பற்றாக்குறை என்று உரம் போட்டுவிடுவோம். தோண்டினால் சத்தை எடுக்க வேரே இருக்காது, வெண்புழு கத்தரித்திருக்கும்.

கம்பிப்புழுவுக்கும் வெண்புழுவுக்கும் இந்தக் கட்டத்தில் மருந்து உதவாது. எஞ்சிய பயிரைக் காப்பாற்றுவதா, மறுபடி விதைப்பதா என்று முடிவெடுக்க வேண்டியதுதான். அவசரப்படாதீர்கள். ஆறு இலை வரை மக்காச்சோளத்தின் வளர்நுனி மண்ணுக்குக் கீழேதான் இருக்கிறது. அதற்கு மேலே வெட்டுப்பட்ட செடி நாலைந்து நாளில் புதுக்குருத்து விடும். சந்தேகமாக இருந்தால் ஒரு செடியை நெடுக்காகப் பிளந்து பாருங்கள்: வளர்நுனி வெள்ளையாக, உறுதியாக இருந்தால் உயிர் இருக்கிறது, பழுப்பாகி நீர்த்திருந்தால் போய்விட்டது. மறுபடி விதைப்பதானால் விதைநேர்த்தி செய்த விதையையே போடுங்கள், புழு இன்னும் அங்கேதான் இருக்கிறது. நன்றாக வளர்ந்த பயிருக்கு நடுவில் பாடுவாசி நிரப்பினால், அதாவது இடைவெளியில் மறுவிதை போட்டால், அந்தச் செடிகள் நிழலில் குன்றிப்போகும். நான் பெரிய திட்டுகளில் மட்டுமே நிரப்புவேன்.

வேர் பாதி இழந்த பயிருக்கு நீரும் மண் அணைப்பும்தான் மருந்து. மண் அணைத்தால் தண்டின் அடியிலிருந்து புது வேர் இறங்கும். காயவிடாமல் இருந்தால் அந்த வேர் பிடித்துக்கொள்ளும்.

பூக்கும் நேரமும் அதற்குப் பிறகும்

வேர்வண்டு உள்ள பகுதிகளில், செடி அன்னத்தின் கழுத்து மாதிரி வளைந்து எழுந்தால் வேரைப் பாருங்கள். நாலைந்து செடியை மண்கட்டியோடு பெயர்த்து, வாளி நீரில் ஊறவைத்து, மெல்ல அலசுங்கள். ஒரு கணுவைச் சுற்றிய வேர்கள் முழுக்கத் தண்டுக்கு அருகே வரை தின்னப்பட்டிருந்தால் அதற்கு மதிப்பு 1. மூன்று கணு போயிருந்தால் 3. இந்த அளவீட்டில் 1-ஐ நெருங்கினால், நீங்கள் போட்ட பாதுகாப்பு பலிக்கவில்லை என்று பொருள். கதிர் நுனியில் பட்டுநூல் வெளிவரும் காலத்தில் வண்டுகளையும் எண்ணுங்கள். செடிக்குச் சராசரி ஒரு வண்டு என்ற அளவை நெருங்கினால், அடுத்த பருவத்தில் அந்த வயலில் மக்காச்சோளம் வேண்டாம்.

கறையானுக்கு, பயிர் காயத் தொடங்கியதும் தண்டின் அடியில் மண்பூச்சு ஏறுகிறதா என்று பாருங்கள். ஏறினால் அறுவடையைத் தள்ளிப் போடாதீர்கள். சாய்ந்து மண்ணைத் தொட்ட கதிரில் பூஞ்சை பிடிக்கும், அஃப்ளாடாக்சின் என்ற நஞ்சு சேரும். அத்தகைய கதிர்களை நல்ல கதிரோடு கலக்காமல் தனியே ஒதுக்குங்கள். அறுத்த கதிரை வயலில் தரையில் குவித்து வைக்காமல் அன்றே ஏற்றிவிடுங்கள்.

அறுவடை முடிந்ததும் ஒரு தாளில் வயலின் படத்தைக் கையால் வரைந்து, எங்கே திட்டு விழுந்தது, எங்கே எந்தப் புழு கிடைத்தது, எத்தனை என்று குறித்துத் தேதி போடுங்கள். அடுத்த விதைப்புக்கு மூன்று வாரம் இருக்கும்போது அந்தத் தாளை எடுத்துக்கொண்டு போய், குறித்த இடங்களில் முதலில் தோண்டுங்கள்.